மூன்று பிழை என்கிறீர்கள், நான் காண்பது இரண்டுதான்

கேள்வி: நான் களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் அரச பாடசாலை ஆசிரியை. வயது 47. கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய். மூத்த மகளுக்குச் சீதன வீடு கட்ட வங்கியில் 25 லட்சம் கேட்டேன். கிரிப் (இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தின் கடன் அறிக்கை) சரியில்லை என்று திருப்பிவிட்டார்கள். அறிக்கையை எடுத்துப் பார்த்தால் மூன்று இடத்தில் பிழை. 2023 மார்ச்சில் கட்டி முடித்த கடனில் 4,850 ரூபாய் நிலுவை காட்டுகிறது. குருநாகலில் ஒரு முச்சக்கரவண்டி லீசிங் (வாகனத் தவணைக் கடன்) என் பெயரில் இருக்கிறது. நான் அந்த ஊருக்கே போனதில்லை. மூன்றாவது, மச்சானுடைய லேண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) லீசிங், நாலு தவணை பாக்கி. அது என் கடனே இல்லை. 40,000 தந்தால் மூன்றையும் கிரிப்பிலிருந்து எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? அல்லது நகையை அடகு வைத்து மச்சானின் பாக்கியைக் கட்டிவிடவா? இதற்கிடையில் சித்தப்பாவின் மகனும் உழவு இயந்திரம் எடுக்க என் கையெழுத்தைக் கேட்டு நிற்கிறார்.

பதில்: 40,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அடையாள அட்டைப் பிரதியையும் அந்த ஆளிடம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், அதில் என்ன எழுதிக் கையெழுத்து வைத்தீர்கள் என்று இன்றே நினைவுபடுத்தி ஒரு தாளில் குறித்து வையுங்கள். கொடுகடன் தகவல் பணியகம் 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. வங்கியும் பினான்ஸ் கம்பனியும் அனுப்பும் தரவைத்தான் அது வைத்திருக்கிறது. உங்களுக்குக் கடன் கொடு என்றோ கொடுக்காதே என்றோ அது யாருக்கும் சொல்வதில்லை. ஒரு பதிவைத் திருத்த வேண்டுமென்றால் அதை அனுப்பிய நிறுவனம்தான் திருத்தி அனுப்ப வேண்டும். இடையில் நிற்பவருக்குத் திறக்கக்கூடிய கதவு எதுவும் அங்கே இல்லை. பதிவு பிழையென்றால் ஒரு கடிதத்தோடு இலவசமாகத் திருத்தலாம். சரியென்றால் 40,000 அல்ல, 4 லட்சம் கொடுத்தாலும் எடுக்க முடியாது.

இனி மூன்று பதிவுகளையும் பார்ப்போம்.

4,850 ரூபாய் நிலுவை பெரும்பாலும் இப்படித்தான் வரும்: கடைசித் தவணையைக் கட்டிவிட்டு முடிந்தது என்று வந்துவிடுவோம். ஆனால் இடையில் பத்து நாள், பதினைந்து நாள் பிந்திக் கட்டிய மாதங்களுக்கான தாமத வட்டி தனிக் கணக்கில் ஏறிக் கிடக்கும். அதை யாரும் கேட்கவில்லை, நீங்களும் கட்டவில்லை. கணக்கு மூடப்படாமல் ஒவ்வொரு மாதமும் 'பாக்கி' என்றே போய்க்கொண்டிருக்கும். எனவே முதலில் சண்டைக்குப் போகாமல், கடன் தொடங்கிய நாளிலிருந்து இன்று வரையான முழுக் கணக்குக் கூற்றைக் கேட்டு வாங்குங்கள். தாமத வட்டி நியாயமானது என்று தெரிந்தால் கட்டிவிட்டு, அல்லது முகாமையாளரிடம் தள்ளுபடி கேட்டு, 'நிலுவை எதுவும் இல்லை, கணக்கு மூடப்பட்டது' என்ற கடிதத்தைத் திகதியோடும் முத்திரையோடும் வாங்குங்கள். நியாயமில்லாதது என்றால் கட்டாதீர்கள். அப்போது பாக்கித் தொகையை மட்டும் எடுத்தால் போதாது, 2023 ஏப்ரலிலிருந்து பதிவான பிந்திய மாதங்களையும் திருத்த வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். தொகையை மட்டும் பூச்சியமாக்கிவிட்டு மாத வரலாற்றை அப்படியே விட்டால், அடுத்த வங்கிக்காரர் அந்த வரிசையைத்தான் முதலில் பார்ப்பார்.

குருநாகல் முச்சக்கரவண்டி நிச்சயமாகப் பிழை. நீங்கள் அனுப்பிய பிரதியில் அந்தப் பதிவு உங்கள் பழைய அடையாள அட்டை இலக்கத்தில் இருக்கிறது, மற்றவை புதிய 12 இலக்கத்தில் இருக்கின்றன. பழைய இலக்கத்தின் முன்னால் 19 சேர்த்து, ஐந்தாவது இலக்கத்துக்குப் பின் ஒரு பூச்சியம் செருகி, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புதிய இலக்கம் வரும். உங்களுடையது பிசகில்லாமல் பொருந்துகிறது. ஆனால் பழைய இலக்கத்தை யாரோ கையால் தட்டச்சு செய்தபோது ஓர் இலக்கம் மாறியிருக்கலாம். பெண்களின் பிறந்த நாள் எண்ணோடு 500 கூட்டித்தான் இலக்கம் கொடுப்பார்கள். அதனால் பழைய இலக்கத்தில் மூன்றாவது இலக்கம் ஆண்களுக்கு 0 முதல் 3 வரையும், பெண்களுக்கு 5 முதல் 8 வரையும் வரும். லீசிங் எடுத்தவர் ஆணாக இருந்து, அவருடைய 1 என்ற இலக்கத்தை யாராவது 7 என்று வாசித்திருந்தால், அந்தக் கடன் ஒரு பெண்ணின் தலையில் போய் விழும். இங்கே நடந்தது அதுவா என்று கோப்பைப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே அந்தக் கம்பனிக்கு எழுதும் கடிதத்தில் 'இது என் கடன் இல்லை' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அறிக்கையில் உள்ள ஒப்பந்த இலக்கத்தையும் கடன் வழங்கிய திகதியையும் குறிப்பிட்டு, அந்தக் கோப்பிலுள்ள அடையாள அட்டைப் பிரதியையும் கையெழுத்தையும் எனக்குக் காட்டுங்கள் என்று கேளுங்கள். வேறொருவரின் அட்டை என்றால் அது தட்டச்சுப் பிழை; திருத்தி அனுப்புவார்கள். உங்கள் அட்டைப் பிரதியே அங்கே இருந்தால் விடயம் வேறு; அன்றே பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் பிரதியை இணைக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும், 'சின்னத் தொகை கட்டி முடித்துவிடுங்கள்' என்று கிளையில் யாராவது சொன்னால் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். கட்டிய பற்றுச்சீட்டு, கடன் உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்ட சாட்சியாகிவிடும்.

இரண்டு கடிதங்களையும் தமிழிலேயே எழுதலாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கிளையின் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிச் சீட்டை வைத்திருங்கள். அதே ஆவணங்களோடு பணியகத்துக்கும் தரவுத் திருத்தக் கோரிக்கை அனுப்புங்கள். அவர்கள் அதை உரிய நிறுவனத்திடம் அனுப்பி விளக்கம் கேட்பார்கள். நிறுவனங்கள் மாதாமாதம் தரவு அனுப்புவதால், இன்று ஒப்புக்கொண்டாலும் அறிக்கையில் மாற்றம் தெரிய ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதலாம். அவர்கள் முதலில் கேட்பது நிறுவனத்துக்கு நீங்கள் எழுதிய கடிதத்தைத்தான். அதற்காகத்தான் அந்த முத்திரை.

மூன்றாவது பதிவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோனது இதுதான். வங்கி உங்களைத் திருப்பியதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

லேண்ட்மாஸ்டர் லீசிங் பிழையாக ஏறவில்லை, சகோதரி. அந்தப் பதிவில் உங்கள் இடம் 'பிணையாளர்' என்று தெளிவாக இருக்கிறது. காசு வாங்கியவர் மச்சான்தான். அவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்று எழுதிக் கொடுத்தவர் நீங்கள். அவர் நாலு தவணை தவறினால் அது உங்கள் அறிக்கையில் ஏறுவதுதான் முறை. இதைப் பிழை என்று முறைப்பாடு செய்தால் நிராகரிப்பார்கள். அதோடு உண்மையான இரண்டு பிழைகளின் மீதும் சந்தேகம் விழும். மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுத வேண்டாம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது அதே பக்கத்தில் கீழே உள்ள மற்ற மூன்று வரிகள். பாக்கி இல்லாததால் நீங்கள் கவனிக்கவில்லை. பாடசாலையில் இரண்டு ஆசிரியர்களின் கடன், கணவரின் மருமகனின் மோட்டார் சைக்கிள் லீசிங். எல்லாவற்றிலும் நீங்கள் பிணை. மாதத் தவணைகளைக் கூட்டிப் பாருங்கள்: லேண்ட்மாஸ்டர் 23,000, ஆசிரியர்கள் 19,000 மற்றும் 15,000, மோட்டார் சைக்கிள் 10,000. மொத்தம் 67,000. உங்கள் சம்பளம் 62,000. இந்த நாலு பேரும் ஒரே மாதத்தில் தவறப்போவதில்லை, உண்மை. ஆனால் உங்கள் சம்பளத்தைவிடப் பெரிய ஒரு வாக்குறுதியை நீங்கள் ஊருக்குக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். கடன் மீதிகளைக் கூட்டினால் சுமார் 19 லட்சம் வருகிறது. நீங்கள் மகளுக்காகக் கேட்டது 25.

அரச சம்பளக்காரர் என்றால் நம் பக்கத்தில் பிணை கேட்டு வருவார்கள். ஆசிரியர் என்றால் இன்னும் கூடுதலாக. 'இரண்டு அரச ஊழியர் பிணை' என்று விண்ணப்பத்தில் இருக்கும், சொந்தத்தில் சம்பளம் எடுப்பவர் ஒருவர் இருவர்தான் இருப்பார்கள். ஆசிரியர் அறையில் நீ எனக்கு, நான் உனக்கு என்று மாறி மாறி வைப்பதும் வழக்கம். இடைவேளை மணி அடிக்கும்போது காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விடுகிறோம். தொகை என்ன, எத்தனை வருடம் என்று வாசிப்பதில்லை, பிரதியும் வாங்குவதில்லை. கடன் எடுத்தவராவது மாதாமாதம் தவணையை நினைப்பார். பிணை வைத்தவர் அன்றே மறந்துவிடுகிறார்.

மச்சான் நேர்மையில்லாதவர் என்று நான் சொல்லவில்லை. அவருடைய பாக்கி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையானது. விதைப்பு, உரம், களைநாசினி என்று காசு வயலுக்குள் போகிற நாலு மாதம் அது. வருமானம் வருடத்தில் இரண்டு தடவை, பெரும்போக அறுவடையிலும் சிறுபோக அறுவடையிலும். லீசிங் கேட்பதோ மாதம் 23,000. அந்த ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலேயே இந்தப் பாக்கியும் எழுதப்பட்டுவிட்டது. நீங்கள் நகையை அடகு வைத்து நாலு தவணை 92,000 ரூபாயையும் தாமத வட்டியையும் சேர்த்து ஏறத்தாழ ஒரு லட்சத்தைக் கட்டினாலும், அடுத்த விதைப்பில் இதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள், இந்த முறை நகையும் இல்லாமல்.

எனவே அடகுக் கடைக்கு முன் மச்சானோடு லீசிங் கம்பனிக்குப் போங்கள். தவணையை அறுவடைக்கு ஏற்ப வருடத்தில் இரண்டாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். வருடத்துக்கு 2,76,000 என்றால் ஒரு போகத்துக்கு 1,38,000. காசு அவர் கையில் கூடுதல் காலம் நிற்பதால் வட்டி சற்றுக் கூடும். விவசாய இயந்திரத்துக்கு இப்படிச் செய்து கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன, ஆனால் கேட்டால்தான் செய்வார்கள். பாக்கியை முதலில் கட்டி நேராக்கிவிட்டு இதைக் கேட்பது நல்லது. பாக்கியோடு மாற்றினால் மீள் அட்டவணைப்படுத்திய கடன் என்ற குறிப்பு உங்கள் அறிக்கையிலும் வரும். இந்தப் பெரும்போக நெல் விற்ற காசில் முதல் ஒரு லட்சம் அந்தக் கம்பனிக்கே போக வேண்டும். மச்சான் கையில் காசைக் கொடுத்து அனுப்பாமல் நீங்களும் கூடப் போய்ப் பற்றுச்சீட்டைக் கண்ணால் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உங்கள் பெயரும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது.

மற்ற மூன்று பிணைகளிலிருந்து இன்று விலக முடியாது. கடன் கொடுத்தவர் சம்மதித்து வேறு பிணையாளரை ஏற்றால்தான் முடியும். ஆனால் ஒரு வாய்ப்பு வரும்: அந்த ஆசிரியர்கள் பழைய கடனை முடித்துக் கூடுதலாக எடுக்கப் பார்ப்பார்கள். அப்போது புதிதாகக் கையெழுத்து வேண்டும். அங்கே வைக்காதீர்கள்.

சித்தப்பாவின் மகனுக்கு என்ன சொல்வது என்று கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தத் தயக்கம் தெரிகிறது. 'மகளின் வீட்டுக்குக் கடன் கேட்டிருக்கிறேன், புதிய பிணை ஏறினால் எனக்குத் தர மாட்டார்கள்' என்று சொல்லுங்கள். அது உண்மைதான், வங்கி பிணையையும் பார்க்கத்தான் செய்யும். கை கொடுக்க வேண்டும் என்று மனம் கேட்டால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையை, 20,000 அல்லது 25,000, முற்பணத்துக்குக் கையில் கொடுங்கள். அதில் உங்கள் நட்டம் எவ்வளவு என்று இன்றே தெரியும். உழவு இயந்திரத்துக்கான பிணையில் அது தெரியாது.

இந்த இடைவெளியில் கைபேசியில் 'கிரிப் பார்க்க மாட்டோம், பத்து நிமிடத்தில் கடன்' என்று வரும் செயலிகளைத் தொடாதீர்கள். 20,000 எடுத்து 15 நாளில் 24,000 கட்டுவது சின்ன விடயம் போலத் தெரியும். அது மாதத்துக்கு 40 வீத வட்டி. பிந்தினால் உங்கள் தொலைபேசியிலுள்ள இலக்கங்களுக்கெல்லாம் அழைப்புப் போகும், பெற்றோருக்கும் அதிபருக்கும் சேர்த்து. மூன்று நான்கு வங்கிகளில் ஒரே நேரத்தில் விண்ணப்பித்துப் பார்க்கவும் வேண்டாம். ஒவ்வொரு வங்கி உங்கள் அறிக்கையைத் திறந்ததும் அதிலேயே பதிவாகும். அடுத்தவர் அதைப் பார்த்து, இவருக்கு ஏன் யாரும் கொடுக்கவில்லை என்று யோசிப்பார்.

திருத்தங்கள் ஏறி, மச்சானின் தவணை சில மாதங்களாவது ஒழுங்காக ஓடிய பிறகு, புதிய அறிக்கை ஒன்றை எடுத்து நீங்களே முதலில் வாசியுங்கள். பிறகு வங்கிக்குப் போகும்போது 25 லட்சம் கேட்காதீர்கள். 12 வீத வட்டியில் 15 வருடம் என்று வைத்தால் லட்சத்துக்கு மாதம் 1,200 அளவில் வரும். 25 லட்சத்துக்கு 30,000, சம்பளத்தில் பாதி. 18 லட்சம் என்றால் 21,600. ஒரு போகம் பொய்த்து மச்சானின் தவணைக்கு நீங்கள் கை கொடுக்க வேண்டி வந்தாலும் வீட்டில் அடுப்பு எரியும். 18 லட்சத்தில் முழு வீடும் முடியாதுதான். ஆனால் அத்திவாரத்தை முழு வீட்டுக்கும் போட்டு, இரண்டு அறையையும் குசினியையும் கூரை வரை கொண்டுவந்துவிட்டால் மகள் குடியேறலாம். முன் விறாந்தையும் மதிலும் பொறுக்கும்.