ஒரே புராணம், ஐந்து விளையாட்டுகள்: எதை வாங்கலாம்?

கேள்வி: ‘ஃபைனல் ஃபேண்டஸி வெர்சஸ் 13’ என்ற ஜப்பானிய விளையாட்டின் டிரெய்லரைப் பார்த்தேன். ஒரே புராணத்தை வைத்து வரப்போகும் தொடரில் அதுவும் ஒன்று என்று போட்டிருந்தார்கள். எங்கே முன்பதிவு செய்வது?

பதில்: நல்லவேளை, பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டீர்கள். அந்தப் பெயரில் ஒரு விளையாட்டு வெளிவரவே இல்லை. நீங்கள் பார்த்தது பழைய டிரெய்லர்.

2006 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த இ3 கண்காட்சியில் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் ‘ஃபாபுலா நோவா கிறிஸ்டாலிஸ்’ என்ற பெயரில் ஒரு தொடரை அறிவித்தது. அதில் மூன்று விளையாட்டுகள். ஃபைனல் ஃபேண்டஸி 13, வெர்சஸ் 13 இரண்டும் பிளேஸ்டேஷன் 3க்கு. அகிடோ 13 கைப்பேசிக்கு. மூன்றில் முதலாவது மட்டும்தான் அறிவித்த பெயரிலேயே வந்தது, அதுவும் 2009 டிசம்பரில். அகிடோ கைப்பேசியிலிருந்து பிஎஸ்பி என்ற கையடக்க பிளேஸ்டேஷனுக்கு மாறி, ‘டைப்-0’ என்று பெயரும் மாறி, 2011 அக்டோபரில் ஜப்பானில் வெளியானது. வெர்சஸ் 13 என்ன ஆனது? 2013இல் அதற்கு ‘ஃபைனல் ஃபேண்டஸி 15’ என்று புதுப்பெயர் சூட்டினார்கள். கடைக்கு வந்தது 2016 நவம்பர் 29 அன்று. அதற்குள் இயக்குநரே மாறிவிட்டார்: டெட்சுயா நொமுரா தொடங்கியதை ஹாஜிமே டபாட்டா முடித்தார்.

ஆகவே வெர்சஸ் 13க்கு யாராவது முன்பதிவு வாங்கினால் அது மோசடி. கதை என்னவாக முடிந்தது என்று பார்க்க ஆசையென்றால் 15ஐ வாங்குங்கள். ஆனால் டிரெய்லரில் கண்ட காட்சிகள் எல்லாம் அதில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: இந்தத் தொடரை வரிசைப்படிதான் விளையாட வேண்டுமா? ஒன்றை விட்டால் மற்றது புரியாமல் போகுமா?

பதில்: புராணம் பொது, கதைகள் தனித்தனி. அதனால் பயம் வேண்டாம்.

அந்தப் புராணத்தை எழுதியவர் கஸுஷிகே நோஜிமா. சுருக்கம் இதுதான். புனிவெல்ஸே என்ற கடவுள் தன் தாய் ம்வின்னைக் கொன்று உலகத்தைக் கைப்பற்றுகிறார். தாய் கண்ணுக்குத் தெரியாத மறு உலகத்துக்குப் போய்விடுகிறாள். உலகம் ஒருநாள் அழியப்போவது அவளுடைய சாபத்தால்தான் என்று மகன் நம்புகிறார். மறு உலகத்தின் வாசலைத் தேடிக் கண்டுபிடிக்க பல்ஸ், எட்ரோ, லிண்ட்ஸெய் என்று மூன்று பேரைப் படைக்கிறார். அவர்களில் எட்ரோவின் முகம் தாயின் சாயலிலேயே அமைந்துவிட, அவளுக்கு மட்டும் எந்தச் சக்தியும் கொடுக்காமல் ஒதுக்கிவைக்கிறார். மனம் உடைந்த அவள் தன் உடலையே கிழித்துக்கொள்கிறாள். சிந்திய ரத்தத்திலிருந்து மனிதர்கள் பிறக்கிறார்கள். தாயைக் கொன்றவன் பயத்திலேயே காலம் தள்ளுவதும், வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட மகளிடமிருந்து மனித இனம் வருவதும் எனக்கு மிகவும் பிடித்த இடங்கள்.

வருத்தம் என்னவென்றால், இவ்வளவு நல்ல கதையை எந்த விளையாட்டும் நேராகச் சொல்வதில்லை. 13இல் ‘ஃபால்சி’ என்ற தெய்வ எந்திரங்கள் வருகின்றன. அவை மனிதர்களுக்கு முத்திரை குத்தி ஒரு கடமையைத் திணிக்கும். செய்து முடித்தால் ஸ்படிகமாக உறைய வேண்டும், முடிக்காவிட்டால் அரக்க உருவாக மாற வேண்டும். இதை விளையாட்டுக்குள்ளே இருக்கும் குறிப்பேட்டைப் படித்தால்தான் முழுசாகப் புரியும். 15இல் இந்தச் சொற்களையே எடுத்துவிட்டார்கள்.

வரிசை முக்கியமாவது ஒரே இடத்தில்தான். 13, அதற்குப் பின்னால் வந்த 13-2, லைட்னிங் ரிட்டர்ன்ஸ் மூன்றும் ஒரே கதையின் தொடர்ச்சி. அவற்றை இதே வரிசையில் விளையாடுங்கள். டைப்-0 தனி, 15 தனி. அகிடோ என்ற பழைய பெயரிலேயே ஜப்பானில் மட்டும் 2014இல் வந்த வேறொரு கைப்பேசி விளையாட்டு அடுத்த ஆண்டே மூடப்பட்டது. அதைத் தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: என்னிடம் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. 13இன் பிஎஸ்3 டிஸ்க் பழைய விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பிஎஸ்3 டிஸ்க் பிஎஸ்4லும் ஓடாது, பிஎஸ்5லும் ஓடாது. இந்த முத்தொடரை அந்த இரண்டு எந்திரங்களுக்கும் தனியாக வெளியிடவும் இல்லை. விற்பவர் “பிளேஸ்டேஷன் டிஸ்க்தானே சார், போடுங்கள் ஓடும்” என்பார், நம்பாதீர்கள். உங்கள் பிஎஸ்5இல் ஓடுபவை டைப்-0 எச்டி (டைப்-0வின் மெருகேற்றிய பதிப்பு), 15 இரண்டின் பிஎஸ்4 பதிப்புகள்.

முத்தொடருக்கு இன்று சுலபமான வழி மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் எந்திரம். 2018 நவம்பரிலிருந்து எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும், பின்னால் வந்த சீரீஸ் எந்திரங்களிலும் மூன்றும் ஓடுகின்றன. பழைய எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க் இருந்தாலும் போதும். அதைச் செருகியதும் விளையாட்டு இணையத்திலிருந்து இறங்கும். டிஸ்க் வெறும் உரிமைச் சான்றாக மட்டும் பயன்படும். சீரீஸ் எஸ் வைத்திருந்தால் டிஸ்க் பற்றி யோசிக்கவே வேண்டாம், அதில் டிஸ்க் போடும் இடமே கிடையாது.

இதற்காகவே பழைய பிஎஸ்3 வாங்கப் போகிறேன் என்று அடம்பிடித்தால், 2006-08 காலத்துப் பெரிய மாடலைத் தவிர்த்துவிட்டு, பின்னால் வந்த மெலிந்த மாடலாகப் பாருங்கள். பெரிய மாடல்கள் சூடேறி, மஞ்சள் விளக்கு எரிந்து, அப்படியே நின்றுபோவதற்குப் பேர்போனவை.

கேள்வி: கணினியில் ஸ்டீம் என்ற இணையக் கடை வழியாக வாங்கினால்? பிடிக்கவில்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்குமாமே?

பதில்: கிடைக்கும். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் கேட்கலாம். ஆனால் 13இல் அந்த இரண்டு மணி நேரத்தை வைத்து ஒன்றையும் முடிவு செய்ய முடியாது. ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆன பிறகுதான் அதன் சண்டை முறையே திறக்க ஆரம்பிக்கும். மொத்தம் 13 அத்தியாயங்கள். முதல் பத்தும் பெரும்பாலும் ஒரே பாதையில் முன்னால் நடப்பதுதான், பரந்த வெளி வருவது 11ஆவதில். ஆகவே அந்த நேரத்தை உங்கள் கணினியில் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். விளையாட்டு பிடிக்குமா என்பதைத் தெரிந்துகொள்ள, நடுவில் உள்ள சண்டைக் காட்சிகளை யாராவது விளையாடும் வீடியோவில் அரை மணி நேரம் பாருங்கள். காசும் செலவாகாது.

கணினிப் பதிப்பு 2014 அக்டோபரில் வந்தபோது 720பி என்ற குறைந்த படத்தெளிவிலேயே முடங்கிக் கிடந்தது. டிசம்பரில் திருத்தம் விட்டு அதைச் சரிசெய்தார்கள். இன்றும் சில கணினிகளில் தடுமாறும், நடுவில் நின்றுபோகும். ரசிகர்கள் எழுதிய ஒரு சிறு திருத்தக் கோப்பைப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். அதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்கள் எக்ஸ்பாக்ஸ் பக்கம் போவது நல்லது. கணினியில் 60 ஜிபி இடமும் வேண்டும்.

கணினியில் ஒரு லாபம் உண்டு. 13-2க்கும் லைட்னிங் ரிட்டர்ன்ஸுக்கும் முன்பு தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்கிய கூடுதல் பகுதிகளில் பெரும்பாலானவை அந்த விலைக்குள்ளேயே வந்துவிடுகின்றன. முழு விலை கொடுக்காதீர்கள். ஸ்டீமில் கோடைக்கும் ஆண்டு இறுதிக்கும் தள்ளுபடி விற்பனை வரும். விருப்பப் பட்டியலில் போட்டு வைத்தால் விலை குறையும்போது மின்னஞ்சல் தானாக வரும்.

அப்புறம், 13-2 “தொடரும்” என்று முடியும். அது பிடித்துப்போனால் மூன்றாவதையும் வாங்க வேண்டிவரும் என்பதை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டைப்-0வின் பிஎஸ்பி அசல் ஒருவரிடம் இருக்கிறது. பன்னிரண்டு வயது மகனுக்கு வாங்கித் தரலாமா?

பதில்: இரண்டு காரணங்களுக்காக வேண்டாம். பிஎஸ்பி பதிப்பு ஜப்பானுக்கு வெளியே வரவே இல்லை. இரண்டு சிறு வட்டுகள், எழுத்தும் பேச்சும் முழுக்க ஜப்பானிய மொழி. சேகரிப்பவருக்குச் சரி, விளையாடுபவருக்கு உதவாது. ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் 2015இல் வந்த எச்டி பதிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் அதையும் பன்னிரண்டு வயதுக்காரருக்குத் தரமாட்டேன். போரில் சிக்கிய மாணவர்களின் கதை அது. தொடக்கக் காட்சியிலேயே ரத்தம் ஓடுகிறது. அமெரிக்கத் தரச்சான்றில் அதற்கு 17 வயதுக்கு மேல் என்ற முத்திரை. 13ம் 15ம் அங்கே 13 வயதுக்கு மேல் என்ற பிரிவில் வருகின்றன. ஆகவே அந்த இரண்டுக்கும் பையன் ஒரு வருடம் காத்திருக்கலாம்.

டைப்-0 எச்டியின் பழைய டிஸ்க்கை “உள்ளே 15இன் டெமோவுக்கான குறியீடு இருக்கிறது” என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பவர்களும் உண்டு. 2015இல் அந்த டெமோவுக்காகவே பலர் டைப்-0 வாங்கினார்கள், உண்மைதான். முழு விளையாட்டே வந்து இத்தனை வருடம் ஆன பிறகு அந்தக் காகிதத்துக்கு எதற்குக் காசு?

கேள்வி: 15இல் பல பதிப்புகள் உள்ளன. எது சரி?

பதில்: ராயல் எடிஷன். கணினி என்றால் விண்டோஸ் எடிஷன். இரண்டும் 2018 மார்ச்சில் வந்தவை. நாயகனின் தோழர்களான கிளாடியோலஸ், பிராம்ப்டோ, இக்னிஸ் மூவரின் துணைக்கதைகளும் இவற்றிலேயே அடங்கும். 2019இல் வந்த ஆர்டினின் கதையை மட்டும் தனியாக வாங்க வேண்டும். வில்லனின் பக்கத்தைச் சொல்லும் அது வாங்கத்தக்கதுதான். கணினியில் குறைந்தது 100 ஜிபி இடம் ஒதுக்குங்கள்.

கேள்வி: சரி, இதுபோல ஒரு பெரிய தொடரை நாளைக்கு வேறொரு நிறுவனம் அறிவித்தால், அதற்காக இப்போதே எந்திரம் வாங்கி வைப்பது புத்திசாலித்தனமா? பின்னால் விலை ஏறிவிடும் என்கிறார்கள்.

பதில்: இந்தத் தொடரையே கணக்குப் போட்டுப் பாருங்கள். 2006 நவம்பரில் ஜப்பானில் பிஎஸ்3 வந்தபோது 20 ஜிபி மாடலே 49,980 யென். 13க்காக அன்றே வாங்கியவர் மூன்று வருடத்துக்கும் மேல் காத்திருந்தார். 13 வெளிவருவதற்குச் சில மாதம் முன்பு, 2009 செப்டம்பரில், மெலிந்த பிஎஸ்3 29,980 யென்னுக்குக் கிடைத்தது. அதில் 120 ஜிபி. அவசரப்பட்டவர் 20,000 யென் கூடுதலாகக் கொடுத்து, குறைந்த கொள்ளளவுள்ள எந்திரத்தை வாங்கியிருக்கிறார்.

அதோடு போகவில்லை. 13 பிளேஸ்டேஷனுக்கு மட்டும்தான் என்று நம்பித்தான் பலர் வாங்கினார்கள். 2008 இ3யில் மைக்ரோசாஃப்ட் மேடையிலேயே எக்ஸ்பாக்ஸ் 360க்கும் வருகிறது என்று அறிவித்தார்கள். வெர்சஸுக்காக பிஎஸ்3 வாங்கியவர் கதை இன்னும் மோசம்: 15 பிஎஸ்3க்கு வரவே இல்லை, அடுத்த தலைமுறை எந்திரத்துக்குப் போய்விட்டது.

விளையாட்டு வந்த பிறகாவது முதல் நாளே வாங்க வேண்டுமா என்றால், 15இல் அதுவும் பலிக்கவில்லை. 13ஆம் அத்தியாயம் பற்றி ஏகப்பட்ட புகார். 2017 மார்ச்சில் திருத்தி, புதுப் பகுதி ஒன்றும் சேர்த்தார்கள். 2018 மார்ச்சில் எல்லாம் சேர்ந்த பதிப்பு வந்தது. துணைக்கதைகளாக மேலும் நான்கு வரும் என்று சொல்லி, அந்த நவம்பரில் டபாட்டா விலகிய அறிவிப்போடு மூன்றை ரத்து செய்தார்கள். அறிவிப்பை நம்பிப் பணம் கட்டியவரைவிட ஒன்றேகால் வருடம் சும்மா இருந்தவருக்கு நல்ல விளையாட்டு கிடைத்தது.

படைப்பாளிகள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பெரிய விளையாட்டுகளைச் செய்யும்போது திட்டம் மாறத்தான் செய்யும். அந்த மாற்றத்தின் செலவை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. எந்திரத்தில் இன்று நீங்கள் விளையாட விரும்பும் விளையாட்டு இரண்டு மூன்றாவது ஏற்கெனவே கடையில் இருந்தால் வாங்குங்கள். டிரெய்லர் மட்டும் இருந்தால் பணம் வங்கியிலேயே இருக்கட்டும். டிஜிட்டல் பிரதி தீர்ந்துபோகாது; எண்ணிக்கை குறைத்து அச்சிடும் சேகரிப்பாளர் பெட்டிக்கு மட்டும் முன்பதிவில் ஓரளவு அர்த்தம் உண்டு.

கேள்வி: ஜப்பானிய மொழி படிக்கிறேன். 13ஐ ஜப்பானியக் குரலில் கேட்க என்ன வழி?

பதில்: கணினிப் பதிப்பு. அதில் குரலை ஜப்பானியத்துக்கு மாற்றிக்கொண்டு, எழுத்தை ஆங்கிலத்தில் வைக்கலாம். மேற்கு நாடுகளுக்கான பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் பதிப்புகளில் ஆங்கிலக் குரல்தான். மொழி நன்றாகவே வரும் என்றால் ஜப்பானிய பிஎஸ்3 டிஸ்க்கும் வாங்கலாம், அது வெளிநாட்டு பிஎஸ்3களிலும் ஓடும். 360க்கான ஜப்பானியப் பிரதியை மட்டும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். 2010 டிசம்பரில் ஜப்பானில் வந்த அந்த ‘இன்டர்நேஷனல்’ பதிப்பில் இருப்பது ஆங்கிலக் குரல்.