கடலுக்கு எதிராக ஓடும் ஆறு

மதிப்பிற்குரிய ஐயா,

சென்னிமலையில் வசிக்கிறேன். மகள் வீட்டுக்குச் சென்னை சென்றிருந்தபோது திரு.வி.க. பாலத்தில் நின்று அடையாற்றைப் பார்த்தேன். ஆகாயத்தாமரைக் கொத்துகள் கடலை நோக்கிப் போகாமல் மேற்கே, நகருக்குள் மிதந்து சென்றன. நொய்யலைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது விளங்கவில்லை. இதை ஆறு என்று சொல்லலாமா? ஆழமாகத் தூர்வாரிவிட்டால் வெள்ளம் தீராதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அடையாறு ஆறுதான், ஆனால் நம் கொங்கு நாட்டு ஆறுகளின் இலக்கணம் அதற்குப் பொருந்தாது. கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்திலும் திருப்பூர் சுமார் 300 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்குள் நூறு மீட்டருக்கு மேல் இறங்கும் நிலத்தில் நொய்யல் ஓடுகிறது. அடையாற்றின் மொத்த நீளமே சுமார் 42 கிலோமீட்டர். அதற்கு உபரிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பித் ததும்பும்போதுகூட அதன் நீர்மட்டம் கடலைவிட 26 மீட்டர் அளவுக்கே உயர்ந்திருக்கும். இவ்வளவு குறைந்த சரிவில், முகத்துவாரத்தை நெருங்கும்போது ஆற்றின் போக்கைக் கடலே தீர்மானிக்கிறது. சென்னைக் கரையில் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அந்த வேறுபாடு சுமார் ஒரு மீட்டரைத் தொடும். மேலிருந்து வரத்து குறைந்த நாட்களில் ஏற்றநீர் ஆற்றுக்குள் புகுந்து, எதிர்ப்பட்ட ஆகாயத்தாமரையையும் தள்ளிக்கொண்டு போகிறது. நீங்கள் கண்டது அதைத்தான்.

இன்னொரு வேறுபாடு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யலை அணைக்கட்டுகளால் மறித்து, வாய்க்கால் வெட்டி, உக்கடம் பெரியகுளத்தையும் சிங்காநல்லூர், சூலூர்க் குளங்களையும் நம் முன்னோர் நிரப்பினார்கள். அங்கே ஆறு குளங்களுக்கு நீர் கொடுத்தது; அடையாற்றிலோ ஏரிகள் ஆற்றுக்கு நீர் கொடுக்கின்றன. அடையாற்றுக்கு மலை இல்லை. ஆதனூர்ப் பகுதியில் ஏரிக்குக் கீழ் ஏரியாக நிரம்பிக் கலங்கல் (உபரிநீர் வெளியேறக் கரையில் கட்டிய வழி) வழிந்த நீரே ஓடையாகி ஆறாகிறது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலை அருகே வந்து சேர்கிறது. ஆகவே ஏரிகளைத் தூர்த்து மனை போடுவது அந்த ஆற்றின் தலையையே வெட்டுவதாகும். 2015 டிசம்பர் பெருமழையில் செம்பரம்பாக்கத்திலிருந்து அதிகபட்சமாக நொடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டதைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். உபரிநீரைத் திறந்து மூடும் கதவு இல்லாத எத்தனையோ ஏரிகளின் கலங்கல் நீரும், அந்த ஏரிகளுக்குக் கீழே பெய்த மழையும் அதே ஆற்றுக்குள்தான் இறங்கின என்பதைப் பேசியவர்கள் குறைவு.

தூர்வாருவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் மணலைக் கரையோரமாக வடக்கே நகர்த்தி முகத்துவாரத்தில் திட்டாகக் குவிக்கின்றன. ஆற்றில் வேகம் இல்லாதபோது அந்தத் திட்டு வாயை அடைத்துவிடுவதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் அதை உடைக்கும்வரை காத்திருக்காமல், மழைக்கு முன்பே திட்டை அகற்றுவது அவசியம். ஆனால் முகத்துவாரத்தருகே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் நீர்மட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே இறங்காது. தோண்டிய பள்ளத்தைக் கடல்நீர் நிரப்பும், உப்பு இன்னும் உள்ளே ஏறும். வெள்ளத்தின் உச்சத்தைக் குறைக்க வேண்டுமென்றால் வேலையை மேற்கே, ஏரிக்கரைகளிலும் கலங்கல்களிலும் வரத்துக்கால்களிலும் தொடங்க வேண்டும்.