கதவில்லாத வீடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் பெயரை வெளியிட வேண்டாம். நெடுநாளாக உங்கள் எழுத்தை வாசித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல்முறை. சென்ற ஆண்டு என் மணவாழ்க்கை முறிந்தது. அதன்பின் தூக்கம் போய்விட்டது. மருத்துவர் மாத்திரை எழுதித் தந்ததோடு ஓர் உளச்சிகிச்சையாளரிடமும் அனுப்பினார். அவர் பேசவைப்பதைவிட வரையவைப்பதே அதிகம்; இதற்குக் கலைச்சிகிச்சை என்று பெயராம். தாள், கிரேயான், சில நாள் களிமண். பள்ளியோடு வரைவதை விட்டவள் நான்; எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒருநாள் ஒரு வீடு வரைந்தேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கூரையை முதலில் வரைந்தீர்களா, கடைசியிலா?" என்று மட்டும் கேட்டார். அதைப் படமெடுத்துத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். உளவியல் படித்த ஒருத்தி, "கதவே இல்லை பார், உன் மனம் யாரையும் உள்ளே விட மறுக்கிறது" என்றாள். இரண்டு நாள் அழுதேன். சிகிச்சையாளர் இதைத் தெரிந்தே மறைக்கிறாரா, அல்லது அவருக்குத் தெரியவே இல்லையா? இந்த முறைக்கு அறிவியல் அடிப்படை உண்டா? பேச்சுச் சிகிச்சைக்கு மாறிவிடலாமா? மாத்திரையை நிறுத்தலாமா? வண்ணம் தீட்டும் புத்தகம் வாங்கி வீட்டிலேயே செய்தால் போதாதா? படத்தை இணைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு உங்களுக்குத் தோன்றுவதைச் சொன்னால் ஆறுதலாக இருக்கும்.

எம்.

அன்புள்ள எம்,

நீங்கள் இணைத்திருந்த படத்தை நான் திறக்கவில்லை. திறக்கப்போவதும் இல்லை. இதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நாள் அழுதீர்கள் என்ற வரி என்னைத் தொந்தரவு செய்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் ஒருவரை நம்பி, அவர் முன்னிலையில், அந்த அறைக்காக மட்டும் நீங்கள் வரைந்த ஒன்றை ஒரு குழுவில் போட்டதும், அங்கே அடிபட்ட பிறகும் பாடம் கற்காமல், முகம் பார்த்திராத எனக்கு அனுப்பியதும் என்ன நியாயம்? அந்த அறையில் நீங்கள் பேசியதை யாரேனும் பதிவுசெய்து அதே குழுவில் போட்டிருந்தால் சும்மா விட்டிருப்பீர்களா? பேச்சு அந்தரங்கம் என்பது நமக்குத் தெரியும். படம் என்றால் மட்டும் பிறர் பார்த்துக் கருத்துச் சொல்வதற்கானது என்று நினைத்துக்கொள்கிறோம். இதைப் பற்றிச் சில மாதங்களாகவே யோசித்துக்கொண்டிருந்ததால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். மாத்திரையைப் பற்றி அதை எழுதித் தந்த மருத்துவரிடம் மட்டுமே கேளுங்கள். எழுத்தாளனிடம் கேட்காதீர்கள், அவன் பதில் சொன்னாலும் நம்பாதீர்கள். வண்ணம் தீட்டும் புத்தகம் படபடப்பைச் சற்றுத் தணிக்கும், தாராளமாக வாங்குங்கள். ஆனால் அதில் உங்களோடு உட்கார்ந்திருக்க யாரும் இல்லை. வரையத் தெரியாது என்பது இங்கே ஒரு தடையே இல்லை. இன்னும் சொன்னால், நன்றாக வரையத் தெரிந்தவர்கள்தான் அந்த அறையில் திணறுவார்கள். அவர்களது கை அழகானதை நோக்கித் தானாகவே நழுவிவிடும்.

இனி அந்தக் கதவு.

உங்கள் தோழி சொன்னது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. வீடு, மரம், மனிதர் ஆகிய மூன்றையும் வரையச் சொல்லி, அதிலிருந்து ஒருவரின் ஆளுமையைக் கணிக்கும் சோதனையை ஜான் பக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948இல் வெளியிட்டார். மறு ஆண்டே கேரன் மேக்கோவர், மனித உருவத்தை வரையவைத்து மனத்தைக் கணிக்கும் தன் முறையை நூலாக்கினார். கதவு சிறிதாக இருந்தால் பிறரோடு பழகத் தயக்கம், கண்ணை அழுத்தி வரைந்தால் சந்தேக குணம் என்கிற வகையில் பொருள் சொல்லும் அட்டவணைகள் பெருகின. 1967இல் லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் என்ற ஆய்வாளர் தம்பதி இதைச் சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழியைக் கண்டனர். மனித உருவப் படங்களையும் நோய்க்குறிகளையும் எந்தத் தொடர்பும் இல்லாதபடி கலைத்துப்போட்டு இணைத்து, இந்தத் துறையில் பயிற்சியே இல்லாத கல்லூரி மாணவர்களிடம் காட்டினார்கள். எந்தக் குறி உள்ளவர்கள் எப்படி வரைந்திருக்கிறார்கள் என்று கேட்டபோது, சந்தேகப்படுபவர்கள் கண்களை வழக்கத்துக்கு மாறாக வரைந்திருப்பதாக மாணவர்கள் சொன்னார்கள். அவர்கள் முன்னால் இருந்த படங்களில் அப்படி ஒரு தொடர்பே கிடையாது. அனுபவம் முதிர்ந்த நிபுணர்கள், நோயாளிகளிடம் நேரில் கண்டதாக அதுவரை சொல்லிவந்த பொருத்தங்களும் பெரும்பாலும் இவையேதான். ஆக, இரு தரப்பாரும் படத்தில் பார்த்தது தாங்கள் ஏற்கெனவே எதிர்பார்த்திருந்ததை. கைரேகை பார்ப்பவரும் இதைத்தான் செய்கிறார். அவருக்குப் பட்டம் இல்லை, அவ்வளவே வேறுபாடு.

கதவில்லாமல் ஒரு வீடு வரையப்படுவதற்கு எத்தனை காரணங்கள் இருக்க முடியும் என்று உங்கள் தோழி ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். நீங்கள் வீட்டைப் பக்கவாட்டில் வரைந்திருக்கலாம். கிரேயான் தடிமனாக இருந்திருக்கலாம். நேரம் முடிந்திருக்கலாம். கூரையில் மனம் தோய்ந்துபோய்க் கதவு மறந்திருக்கலாம். அல்லது அவர் சொன்னதே உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த உண்மையை நீங்களாகக் கண்டடையும்போது அது உங்களுக்கு உதவும். வேறொருவர் தீர்ப்பாக எறியும்போது அது ஒரு வசையாகத்தான் வந்து விழும். இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்றும் நடந்திருக்கிறது. அடுத்த முறை வீடு வரைந்தால் நீங்கள் கட்டாயம் கதவு வைப்பீர்கள். திறந்த கதவாகவே வைப்பீர்கள். சன்னலும் வைத்துத் திரையையும் விலக்கிவிடுவீர்கள். சிகிச்சையாளர் பல வாரம் பொறுமையாக உட்கார்ந்து உங்கள் கைக்குப் பெற்றுத் தந்திருந்த சுதந்திரத்தை அந்த ஒரு வரி பறித்துவிட்டது. இனி உங்கள் கை வரைவதற்கு முன்பே, இதைப் பார்த்து என்ன சொல்வார்கள் என்று யோசிக்கும். உங்கள் தோழியிடம் எனக்குக் கோபம் உண்டு. உங்களிடம் அதைவிடச் சற்றுக் கூடுதலாக.

இங்கிலாந்தில் நெதர்ன் மனநல மருத்துவமனையில் 1946 முதல் பணியாற்றிய எட்வர்ட் ஆடம்சன் என்ற ஓவியரை நினைத்துக்கொள்கிறேன். அவர் தன் கூடத்துக்கு வந்த நோயாளிகளுக்கு வரையக் கற்றுத்தரவில்லை, அவர்களது படங்களுக்குப் பொருளும் சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் வரைபலகையும் தாளும் வண்ணமும் தந்துவிட்டு, உடன் இருந்தார். வெறுமனே உடன் இருப்பதை ஒரு திறமை என்று ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை. உங்கள் சிகிச்சையாளர் கூரையை எப்போது வரைந்தீர்கள் என்று கேட்டதை நீங்கள் ஒரு குறைபோல எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அதைப் படித்ததும் அவர்மீது மரியாதை வந்தது. அந்தக் கேள்வி உங்களை ஒரு நோயாளியாக நடத்தவில்லை, அந்தப் படத்தை உருவாக்கியவராக நடத்துகிறது. எங்கே தொடங்கினீர்கள், எங்கே நின்றீர்கள், எதை அழித்தீர்கள் என்று அவர் உங்களோடு சேர்ந்து திரும்பிப் பார்க்கிறார்.

பல ஆண்டுகளுக்கு முன், மருத்துவ நண்பர் ஒருவரின் முயற்சியால், ஒரு மருத்துவமனையின் ஓவிய அறையில் ஓரமாக உட்கார்ந்திருக்க எனக்கு அனுமதி கிடைத்தது. அங்கு வந்தவர்களின் ஒப்புதலோடுதான் இருந்தேன். விவரங்களைச் சற்று மாற்றியே சொல்கிறேன். மகனைப் பறிகொடுத்த ஒருவர் வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். யாரோடும் பேசமாட்டார். பென்சிலை முஷ்டிக்குள் பிடித்து, மேலிருந்து கீழாகக் கோடுகள் இழுப்பார், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக. அழுத்தம் தாங்காமல் முனை உடையும், உடைந்த முனையாலேயே தொடர்வார், தாள் கிழியும். கிழிந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டு நேரம் முடியும்வரை அப்படியே இருப்பார். என் பக்கத்தில் இருந்த பயிற்சி மருத்துவர் தன் குறிப்பேட்டில் 'சிறைக் கம்பிகள்' என்று எழுதி அடிக்கோடிட்டார். அந்த அறையை நடத்திய அம்மையார் எதுவும் எழுதவில்லை, மெதுவாக அழுத்துங்கள் என்றும் சொல்லவில்லை. அடுத்த முறை அவர் இடத்தில் தாளுக்குப் பதிலாகத் தடித்த அட்டை ஒன்று இருந்தது. பக்கத்தில் ஒரு பென்சில் சீவியும் இருந்தது. அவர் அழுத்தினார். அட்டை கிழியவில்லை. அதைத் தூக்கிப் பின்பக்கம் திருப்பி, கோடுகள் புடைத்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பின்னர் ஒருநாள் கோடுகளுக்கிடையே இடைவெளி விடத் தொடங்கினார். இடைவெளிகள் சமமாக வரவில்லை என்பது அவரை உறுத்தத் தொடங்கியது. "இது சரியா வரலையே" என்றார். அந்த அறையில் அவர் பேசிய முதல் வாக்கியம் அது. மகனைப் பற்றிய பேச்சு அதற்கு வெகுநாள் கழித்தே வந்தது. அவை கம்பிகளா, மழையா, வேறு எதுவுமா என்று அவர் சொல்லவில்லை, அந்த அம்மையாரும் கேட்கவில்லை.

மனதில் உள்ளதையெல்லாம் தாளில் கொட்டிவிட்டால் பாரம் குறைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கொட்டுவது அவ்வளவு எளிதாக எதையும் குணப்படுத்துவதில்லை. ஜெனிஃபர் டிரேக், எலன் வின்னர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், துயரமான மனநிலைக்கு உள்ளானவர்களில் ஒரு சாராரை அந்தத் துயரத்தையே வரையச் சொல்லியும், மற்றவர்களை அதற்குத் தொடர்பில்லாத ஒன்றை வரையச் சொல்லியும் ஒப்பிட்டார்கள். உடனடி மனநிலையைப் பொறுத்தவரை, வேறொன்றை வரைந்தவர்களே அதிகம் தேறினார்கள். இது குறுகிய நேரத்துக்கான கணக்கு. நெடுங்காலச் சிகிச்சையின் விதி என்று இதைச் சொல்ல முடியாது. ஆயினும் இடைவெளி சமமாக வரவில்லையே என்று கவலைப்பட்ட அந்த மனிதருக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை இது ஓரளவு விளக்குகிறது. தாங்கவே முடியாத ஒன்றின் அருகில், தீர்க்கக்கூடிய ஒரு சிறு சிக்கல் அவருக்குக் கிடைத்தது.

நாஜிகளின் தெரேசின் முகாமில் 1942இன் இறுதியிலிருந்து குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் இதை அறிந்திருந்தார். பட்டினியும் சாவும் சூழ்ந்த அந்த இடத்தில் அவர் குழந்தைகளைக் கொடுமைகளை வரைந்து காட்டும்படி பணிக்கவில்லை. கோட்டின் தாளகதி, வண்ணங்களின் அடுக்கு, பழைய மேதைகளின் ஓவியங்களைப் பார்த்து வரைதல் என முறையான பாடங்களையே நடத்தினார். 1944இல் அவர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டபோது, ஏறத்தாழ 4,500 குழந்தை ஓவியங்கள் இரண்டு பெட்டிகளில் தப்பித்து எஞ்சின. போருக்கு முன் பிராகில் அவருடைய மாணவியாக இருந்த ஈடித் கிரேமர்தான் பின்னாளில் அமெரிக்காவில், உருவாக்கும் செயலே மருந்து என்ற சிகிச்சைமரபை வளர்த்தார். படத்தை ஆழ்மனத்தின் பேச்சாகக் கண்ட மார்கரெட் நாம்பர்க் என்ற அமெரிக்கக் கலைச்சிகிச்சையாளர் அதற்கு எதிர்ப்பக்கம் நின்றவர். அவரும் பொருளைத் தானே அறிவிப்பதைவிட, வரைந்தவரே தன் படத்தோடு தொடர்புபடுத்திப் பேசவேண்டும் என்றவர்தான். தோழியின் உடனடித் தீர்ப்புக்கு இந்த இரண்டு பக்கத்திலும் இடமில்லை.

அறிவியலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காசநோய்க்காகச் சிகிச்சை இல்லத்தில் படுத்திருந்தபோது வரைந்து வரைந்து தேறிய ஏட்ரியன் ஹில் என்ற பிரிட்டிஷ் ஓவியர் 1942இல் இதற்குக் கலைச்சிகிச்சை என்று பெயர் சூட்டினார். அன்றிலிருந்து ஆய்வுகள் குவிந்திருக்கின்றன, அவற்றின் தரம் ஒரே சீராக இல்லை. மனச்சிதைவு நோயுள்ள 417 பேரைக் கொண்டு பிரிட்டனில் நடத்தி 2012இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு குழுவாக வரையும் அமர்வுகளையும் சேர்த்ததால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. அமர்வுகளுக்குப் பலர் ஒழுங்காக வரவும் இல்லை. துயரம், மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றில் நம்பிக்கை தரும் சிறிய ஆய்வுகள் பல உண்டு. இதை எல்லாம் தீர்க்கும் மருந்து என்று விற்பவரிடமும், வெறும் விளையாட்டு என்று சிரிப்பவரிடமும் நேரத்தை வீணாக்காதீர்கள்.

பேச்சுச் சிகிச்சைக்கு மாறுவதா என்ற கேள்வி மிஞ்சியிருக்கிறது. நீங்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறீர்கள், கூரையில் தொடங்கி. இருந்தாலும் அவர் இதற்கென முறையாகப் பயின்றவரா, உங்கள் படங்களை எங்கே, எப்படிப் பாதுகாக்கிறார், ஏன் வரையச் சொல்கிறார் என்று அவரிடமே நேராகக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. இன்றே குழுவிலிருந்து அந்தப் படத்தை நீக்கிவிடுங்கள். அடுத்த அமர்வில் கிரேயானைத் தொடுவதற்கு முன், படம் வெளியே போனதையும், தோழி சொன்னதையும், நீங்கள் அழுததையும், அவர் எதையோ மறைக்கிறார் என்று சந்தேகப்பட்டதையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுங்கள். அவர் அதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டால், ஆளை மாற்றுவது பற்றி அப்போது எனக்கு எழுதுங்கள்.