"மறுகா" தமிழ் இல்லையா?

கேள்வி: நாங்கள் வெருகல் பக்கத்தில் இருந்து திருகோணமலை நகருக்கு வந்து இரண்டு வருடம். எட்டாம் ஆண்டு படிக்கும் என் மகன் வகுப்பில் "மறுகா என்ன நடந்தது டீச்சர்?" என்று கேட்டானாம். "அது தமிழே இல்லை" என்று ஆசிரியை சொல்ல, பிள்ளைகள் எல்லாம் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து வகுப்பில் வாய் திறக்கிறான் இல்லை. அவனுடைய கொச்சைப் பேச்சைத் திருத்த வழி சொல்லுங்கள்.
- ஒரு தாய், உவர்மலை

பதில்: அவன் பேச்சைக் கொச்சை என்று நீங்களே எழுதிவிட்டீர்களே தங்கச்சி, அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

உங்கள் ஊரில் "மறுகா" என்றால் "பிறகு". "ஒருகால்" என்பது வாயில் "ஒருக்கா" ஆனது. அதே வழியில் "மறுகால்" "மறுகா" ஆனது. அவ்வளவுதான். தலையும் வாலும் தமிழ். அதைத் தமிழ் இல்லை என்று சொன்ன ஆசிரியை எதில் உட்கார்ந்திருந்தார்? கதிரையில். அந்தச் சொல் போர்த்துக்கேயருடையது. நம்முடைய கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லில் கோட்டை கட்டியவர்கள் விட்டுப்போன சொல். யன்னலும் அலுமாரியும் அப்படித்தான். அவற்றைச் சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை, சிரிக்கவும் வேண்டாம், அவையும் இப்போது நம் சொற்கள்தான். ஆனால் கடல் கடந்து வந்த சொல்லுக்கு வகுப்பில் இடம் இருக்கிறது, வெருகலில் இருந்து வந்த சொல்லுக்கு இல்லை என்றால், அங்கே பார்க்கப்படுவது தமிழின் சுத்தமா, பேசுகிறவனின் ஊரா?

உங்கள் மகன் "மறுகா"வுக்குப் பதிலாக யாழ்ப்பாணத்தார் சொல்கிற "பேந்து" என்று கேட்டிருந்தால் இந்த நகரத்தில் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்களும் அச்சுக்கூடங்களும் முந்தி வந்தன, அரசாங்க உத்தியோகமும் முந்திக் கிடைத்தது. கந்தோர்க் கதிரையில் இருந்தவரின் பேச்சு நல்ல பேச்சு ஆகிவிட்டது. சரி, அந்த யாழ்ப்பாணத்துப் பேச்சையாவது விட்டார்களா? கேட்பவர் பக்கம் இருப்பதைக் காட்டி "உது", "உங்க" என்றால் தமிழ்நாட்டில் வேடிக்கையாகப் பார்க்கிறார்கள். ஒன்றைச் சுட்டிக் காட்டும் சுட்டெழுத்து மூன்று என்கிறது தொல்காப்பியம்: அ, இ, உ. 1185ஆம் குறளில் "உவக்காண்" என்று வள்ளுவரே எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டுப் பேச்சு அந்த உகரச் சுட்டை விட்டுவிட்டது, நாம் வைத்திருக்கிறோம். அவர்கள் சிரித்தால் நமக்குக் கோபம் வருகிறது. அதே நாம் வெருகல் பிள்ளையைப் பார்த்தும், அக்காவை "ராத்தா", அண்ணனை "நானா" என்று கூப்பிடும் கிண்ணியாப் பிள்ளையைப் பார்த்தும் சிரிக்கிறோம்.

ஒரு சொல் பழைய நூலில் இருப்பதால்தான் அதற்கு மரியாதை என்று நான் சொல்ல வரவில்லை. எந்த நூலிலும் இல்லாவிட்டாலும் அது உங்கள் அம்மா அவனைத் தூக்கி வைத்துப் பேசிய சொல்.

எனக்கு இருபது வயதில் ஒரு நேர்முகப் பரீட்சை. எந்த வழியாக வந்தாய் என்று கேட்டார்கள். "சந்தியால கிறுகி வந்தன்" என்றேன், சந்தியில் திரும்பி வந்தேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் எனக்குப் பதில் தெரியும், ஆனால் வாய் வரவில்லை. ஊர் ஊராகப் போய்ச் சொல் கேட்டு எழுதும் இந்த வயதிலும் அந்தச் சிரிப்புச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை. உங்கள் மகன் ஏன் பேசுகிறான் இல்லை என்று எனக்கு நன்றாக விளங்குகிறது.

எழுத்துத் தமிழை அவன் படிக்கத்தான் வேண்டும். கட்டுரையில் "பிறகு" என்று எழுதட்டும், பரீட்சைக்கு அது தேவை. ஆனால் அதை வீட்டுப் பேச்சாகக் கொண்டு பிறந்த பிள்ளை யாழ்ப்பாணத்திலும் இல்லை, மதுரையிலும் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில்தான் அதைப் படிக்கிறார்கள். அவனும் படிப்பான், வீட்டுச் சொல்லைப் பிடுங்காமலே.

இந்தக் கிழமையே ஆசிரியையைப் போய்ப் பாருங்கள். சண்டைக்கு வேண்டாம். "மறுகால்" எப்படி "மறுகா" ஆனது என்று சொல்லுங்கள், அதை வகுப்பிலும் ஒருக்காச் சொல்லிவிடும்படி கேளுங்கள். போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.