ஆதாரில் 19, நிஜத்தில் 17: தம்பியைக் கிளைச்சிறையிலிருந்து மாற்ற

ஆதாரில் 19 என்று இருப்பதால் 17 வயதுத் தம்பியைப் பெரியவராகக் கருதிக் கிளைச்சிறையில் அடைத்துவிட்டார்களா? ரிமாண்ட் செய்த (காவலில் வைக்க உத்தரவிட்ட) மாஜிஸ்திரேட்டிடமே, அவர் சிறார் என்று இன்று மனுப் போடுங்கள்: இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 9(2). நீதிமன்றம் வயது விசாரணை நடத்தியே ஆக வேண்டும். சிறார் என்று உறுதியானால் வழக்கு, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். ஜாமீன் அங்கே பிரிவு 12-இல். ஜாமீன்தாரர் இல்லாமலும் தரலாம்.

போலீஸ் ஆதாரை மட்டும் பார்த்து எழுதியிருக்கக்கூடும். வயதை எதை வைத்து முடிவுசெய்வது என்று சொல்லும் பிரிவு 94-இன் பட்டியலில் ஆதாரே இல்லை. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அவை இல்லாவிட்டால்தான் நகராட்சி, ஊராட்சி பிறப்புச் சான்று. எதுவுமே இல்லையென்றால் வயதைக் கணிக்கும் எலும்புப் பரிசோதனை.

தம்பி படித்த மன்னார்குடிப் பள்ளியில் பிறந்த தேதிச் சான்றோடு டி.சி.யும் சேர்க்கைப் பதிவேட்டு நகலும் கேளுங்கள். எல்லாவற்றிலும் பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். முரண்பட்டால் அரசு வக்கீல் அதைத்தான் பிடிப்பார்.

ஒன்று கவனம்: கணக்கில் வருவது சம்பவம் நடந்த நாளன்று இருந்த வயதுதான். அன்று 18 முடிந்திருந்தால் மனு நிற்காது.

வக்கீலுக்குப் பணமில்லையா? திருவாரூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசம். பிள்ளை ஒரு ராத்திரிகூடப் பெரியவர்களோடு அடைபட்டிருக்கக் கூடாது, தள்ளிப்போடாதீர்கள்.