மெட்ரோ சுரங்கத்தில் நின்றுவிட்டால் என்ன செய்வது? கதவில் என்ன செய்யக் கூடாது?

கேள்வி: நாங்கள் காலடிப்பேட்டையில் இருக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 66. மாதம் இரண்டு தடவை சென்ட்ரல் பெரியாஸ்பத்திரிக்கு மெட்ரோவில் போய் வருகிறார்கள். எனக்கு வேலை சிறுசேரியில், கூடப் போக முடிவதில்லை. சுரங்கத்துக்குள் ரயில் நின்று, பயணிகள் வரிசையாக நடந்து வந்த வீடியோவைப் பார்த்ததிலிருந்து அம்மா பஸ்ஸிலேயே போகலாம் என்கிறார். போதாக்குறைக்கு, போன வாரம் திரும்பி வரும்போது சென்ட்ரலில் அப்பா ஏறியதும் கதவு மூடிவிட்டது, அம்மா பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டார். அப்பா உயர்நீதிமன்றத்தில் இறங்கித் திரும்பி வர, அம்மா அடுத்த வண்டியில் அங்கே போக, இருவரும் சந்திக்க முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. என்ன சொல்லி அனுப்பலாம், ஐயா?

பதில்: முதலில் அம்மாவின் பயத்துக்கு வருவோம். அந்த வீடியோ 2025 டிசம்பர் தொடக்கத்தில் ஒரு விடியற்காலையில் எடுத்தது. சென்ட்ரலுக்கும் உயர்நீதிமன்றத்துக்கும் நடுவே தொழில்நுட்பக் கோளாறால் வண்டி நின்றது. பயணிகள் சுமார் அரை கிலோமீட்டர் நடந்து உயர்நீதிமன்ற ஸ்டேஷனுக்கு வந்தார்கள். அம்மாவை உட்கார வைத்து அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்கள். யாரும் தண்டவாளத்தில் நடக்கவில்லை. சுரங்கச் சுவரை ஒட்டி ஒரு குறுகிய நடைபாதை இருக்கிறது, அதில் கைப்பிடியைப் பிடித்தபடி ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். இப்படி ஒரு நாள் வரலாம் என்று எண்ணித்தான் அந்தப் பாதையைக் கட்டும்போதே போட்டிருக்கிறார்கள்.

வண்டி நின்றால் உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டாலே பாதி பயம் போய்விடும். நம் மெட்ரோ மேலே ஓடும் மின்பாதையிலிருந்து 25,000 வோல்ட் எடுத்து ஓடுகிறது. அது தடைபட்டால் ஏ.சி. நின்றுவிடும், விளக்குகள் குறையும். பேட்டரியில் சில அவசர விளக்குகளும் அறிவிப்பு ஒலிபெருக்கியும் வேலை செய்யும். திடீரென்று சத்தம் அடங்கிப் புழுக்கம் ஏறும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில்தான் ஆட்கள் பதறுகிறார்கள். மூச்சுமுட்டிவிடும் என்ற பயம் வேண்டாம். சுரங்கத்துக்குள் காற்றை ஓட்டுவதற்கென்று தனியாகப் பெரிய விசிறிகள் உண்டு, அவை வண்டியின் மின்சாரத்தை நம்பி இல்லை.

அந்த நேரத்தில் ஓட்டுநர் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். கோயம்பேட்டில் இருக்கும் கன்ட்ரோல் ரூமோடு பேசிக்கொண்டு முதலில் வண்டியை மறுபடி கிளப்பப் பார்ப்பார். முடியாவிட்டால் இன்னொரு வண்டியைக் கொண்டுவந்து நகர்த்தலாமா என்று பார்ப்பார்கள். நடக்கவைப்பது கடைசி வழி. அதற்கு முன் அந்தத் தடத்தில் வேறு வண்டி வராமல் நிறுத்தி, மின்சாரத்தால் ஆபத்தில்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். இதற்குள் பொறுமையிழந்த ஒருவர் கதவின் அவசரக் கைப்பிடியை இழுத்து இறங்கிவிட்டால், கணக்கு முழுக்க மாறிவிடும். தண்டவாளத்தில் ஆள் இருக்கும்போது எந்த வண்டியையும் நகர்த்த முடியாது, உதவிக்கு வரும் வண்டியையும் சேர்த்துத்தான். அனுமதியில்லாமல் மெட்ரோ தண்டவாளத்தில் நடந்தால் 2002ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே அம்மாவிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: வண்டி நின்றால் வண்டிக்குள்ளேயே இருங்கள், அறிவிப்பைக் கேளுங்கள். நடக்கச் சொன்னாலும் முண்டியடித்து முன்னால் இறங்க வேண்டாம். நடக்கச் சிரமம் இருந்தால் ஊழியரிடம் சொல்லி உதவி கேட்கலாம்.

சரி, இது வாழ்நாளில் ஒரு முறை வந்தாலே அதிகம். என் கவலை வேறு இடத்தில். மெட்ரோவில் அன்றாடம் நடக்கும் சின்னச் சின்ன விபத்துகள் சுரங்கத்தில் நடப்பதில்லை, கதவிலும் எஸ்கலேட்டரிலும் நடக்கின்றன. உங்கள் அப்பா அம்மாவுக்கு நடந்ததும் கதவில்தானே?

கதவின் விளிம்பில் தடை உணரும் ஏற்பாடு இருக்கிறது. கையோ பெட்டியோ நடுவில் மாட்டினால் கதவு விட்டுக்கொடுத்து மறுபடி மூடப் பார்க்கும். எல்லாக் கதவும் பூட்டிக்கொண்டால்தான் வண்டி நகரும். இதைக் கேள்விப்பட்டுத்தான் சிலர் தைரியமாகக் கையை நீட்டுகிறார்கள். ஆனால் அந்த உணர்வு தடிமனான பொருளுக்குத்தான். புடவை முந்தானை, துப்பட்டா நுனி, பையின் நாடா, மாத்திரைச் சீட்டு வைத்த மெல்லிய பிளாஸ்டிக் கவர் இவையெல்லாம் கதவுக்குத் தெரியாமலே போகலாம். அம்மா ஏறும் முன் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்ளட்டும்.

இன்னொன்று. சென்ட்ரல் போன்ற சுரங்க ஸ்டேஷன்களில் பிளாட்பாரம் ஓரமாகக் கண்ணாடித் தடுப்பு இருக்கும். அதற்கு ஒரு கதவு, வண்டிக்கு ஒரு கதவு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் சந்தில் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. காலடிப்பேட்டை மேம்பாலத்தில் இருக்கும் ஸ்டேஷன், அங்கே அந்தக் கண்ணாடி கிடையாது. மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்பதை அங்கே கூடுதல் கண்டிப்போடு கடைப்பிடிக்க வேண்டும். செருப்போ செல்போனோ தண்டவாளத்தில் விழுந்தால் ஊழியரைக் கூப்பிடுங்கள், அவர்கள் எடுத்துத் தருவார்கள். ஆள் விழுந்தால் நாம் குதிக்கக் கூடாது. பிளாட்பாரத்தில் இருக்கும் சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்திவிட்டுச் சத்தம் போட வேண்டும்.

பிரிந்து போனால் என்ன செய்வது என்பதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். முறை எளிது. வண்டியில் ஏறிவிட்டவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும், திரும்பி வரவே கூடாது. பிளாட்பாரத்தில் நின்றுவிட்டவர் அடுத்த வண்டியில் அதே ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். உங்கள் அப்பா பதறித் திரும்பி வந்ததால்தான் இருவரும் எதிரெதிரே கடந்து போயிருக்கிறார்கள். சுரங்கத்தில் செல்போன் சிக்னல் கிடைக்கும் என்று நம்பி இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஏறும்போது மெதுவாக நடப்பவர் முதலில், வேகமாக நடப்பவர் பின்னால். நம் வீடுகளில் ஆண் முன்னே போய் இடம் பிடிப்பதுதான் வழக்கம், அதை இங்கே மாற்றியாக வேண்டும். மொத்தம் நாலு பெட்டி, அதில் பெண்களுக்கான இடம் ஒரு முனையில். அங்கே அப்பா ஏற முடியாது என்பதால் இருவரும் எப்போதும் நடுப் பெட்டியில் ஏறுவதென்று வைத்துக்கொள்ளலாம். தேடவும் வசதி.

எஸ்கலேட்டரைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. முட்டிவலி இருப்பவர் லிஃப்ட்டில்தான் போக வேண்டும், எல்லா ஸ்டேஷனிலும் இருக்கிறது. அவசியப்பட்டு எஸ்கலேட்டரில் ஏறினால் ரப்பர் செருப்பும் புடவைக் கொசுவமும் பக்கவாட்டுத் தகட்டில் உரசாமல் நடுவில் நிற்கட்டும். மேலும் கீழும் இரண்டு முனையிலும் சிவப்பு நிறுத்தப் பொத்தான் உண்டு. அது எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்கு ஒரு தடவை நேரில் காட்டிவிடுங்கள், அவசரத்தில் தேடினால் கண்ணில் படாது.

அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் என்பதால் இதுவும் தெரிந்திருக்க வேண்டும். வண்டியில் தலைசுற்றினால், கதவருகே இருக்கும் அவசரப் பேச்சுப் பொத்தானை அழுத்தினால் ஓட்டுநரோடு பேசலாம். உடனே வண்டி நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், நிற்காமல் இருப்பதே நல்லது. அடுத்த ஸ்டேஷன் ஓரிரு நிமிடத்தில் வந்துவிடும், உதவியும் அங்கேதான் கிடைக்கும். பேசும்போது பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணைச் சொன்னால் ஊழியர்கள் நேராக அந்தக் கதவுக்கே வருவார்கள். விளையாட்டுக்கு அழுத்துவது குற்றம், உடம்புக்கு முடியாதபோது அழுத்தத் தயங்க வேண்டியதில்லை.

டிக்கெட்டுக்கு அப்பாவின் செல்போனை நம்ப வேண்டாம். சார்ஜ் இறங்கினால் வெளியேறும் கேட்டில் நின்று தவிப்பார். சிங்காரச் சென்னை அட்டை ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள், மாநகரப் பேருந்திலும் அதைக் காட்டலாம். ஒரே அட்டையை இருவரும் மாற்றி மாற்றித் தேய்த்தால் கேட் திறக்காது. வாடிக்கையாளர் உதவி எண் 1860 425 1515. இதை ஒரு சீட்டில் எழுதி அட்டை உறைக்குள் வையுங்கள்.

திரும்பும் வழியில் ஒரு சின்னக் குழப்பம் வரலாம். கூட்ட நேரத்தில் வண்ணாரப்பேட்டைக்கும் ஆலந்தூருக்கும் நடுவே மட்டும் ஓடும் வண்டிகளும் விடுகிறார்கள். சென்ட்ரலில் ஏறும்போது பலகையில் விம்கோ நகர் என்று இருக்கிறதா என்று அப்பா பார்க்கட்டும். பார்க்காமல் ஏறி வண்ணாரப்பேட்டையில் இறக்கிவிட்டாலும் கேட்டைத் தாண்டி வெளியே போக வேண்டாம். வெளியே போய்த் திரும்பினால் கட்டணம் மறுபடி கழியும். பிளாட்பாரத்திலேயே நின்று பலகையைப் பார்த்து, பின்னால் வரும் விம்கோ நகர் வண்டியில் ஏறினால் காலடிப்பேட்டை வந்துவிடும்.