‘அதான் முடிச்சாச்சே!’

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. போன மாதம் மதரஸாவில் குர்ஆனை ஓதி முடித்தான். நெய்ச்சோறு ஆக்கி அக்கம்பக்கமெல்லாம் கொடுத்தோம். இப்போது, ‘அதான் முடிச்சாச்சே, இனி எதுக்குப் போகணும்?’ என்கிறான். அந்த நேரத்துக்கு டியூஷன் வைக்கலாம் என்கிறார் அவன் வாப்பா. நான் பெரியவளானதும் ஓதுவது பாதியில் நின்றுபோனது. இன்றும் எழுத்துக்கூட்டித்தான் வரும். அவனிடம் வாதாட எனக்கு என்ன தகுதி?
- ஒரு வாசகி, தாராவி, மும்பை

பதில்: நெய்ச்சோறு கொடுத்தது நல்லது, தங்கச்சி. ஆனால் பையனைக் குழப்பியதும் அந்தச் சோறுதான். பள்ளிக்கூடத்தில் புத்தகம் முடிந்தால் பரீட்சை, அப்புறம் லீவு. இதையும் அப்படியே எடுத்துக்கொண்டான்.

நானும் தாராவிக்காரன்தான். தொண்ணூறடிச் சாலைக்குப் பின்னால் ஒரு மாடியில் பல வருடம் சாயங்கால மதரஸா நடத்தினேன். குர்ஆனின் 30 ஜுஸுவையும் (பாகங்களையும்) மளமளவென்று முடிக்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பூரித்துப்போவேன். ஒரு நாள் ஒரு பையன் ‘முதஃப்பிஃபீன்’ சூராவைப் பார்க்காமல் ஒப்பித்தான். 83ஆவது அத்தியாயம். தனக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடுதான் என்று தொடங்கும். அன்று ராத்திரியே அவன் வாப்பா கடையில் அரைக் கிலோ வெங்காயம் வாங்கினேன். நிறுத்தது அவன்தான். தராசு முள் நிற்பதற்குள் தட்டைத் தூக்கிவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. உச்சரிப்பைத் திருத்தினேனே தவிர, பொருளை நான் சொல்லித்தரவில்லையே.

இராக்கிலுள்ள கூஃபா பள்ளிவாசலில் 40 வருடம் குர்ஆன் ஓதிக்கொடுத்தவர் அபூ அப்துர் ரஹ்மான் அஸ்ஸுலமீ. தனக்குக் கற்றுத்தந்த நபித்தோழர்கள் பத்து வசனம் படித்தால், அதிலுள்ள அறிவையும் செயலையும் கற்காமல் அடுத்த பத்துக்குப் போகமாட்டார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தக் கணக்குப்படி உங்கள் மகன் இப்போதுதான் ஆரம்பிக்கவே வேண்டும். நானும் முடித்தபாடில்லை.

டியூஷனா? கணக்கு வரவில்லையென்றால் அவன் வாப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மதரஸாவில் வாரம் இரண்டு நாள் குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது. அடியோடு நிறுத்திவிடாதீர்கள். பொய்யும் கோபமும் செல்போனும் சேர்ந்து வருகிற வயது இனிமேல்தான். அப்போது ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்தின் முகத்தை அவன் அவ்வப்போதாவது பார்த்தாக வேண்டும்.

தகுதி என்று கேட்டீர்களே. திக்கித் திணறி, சிரமப்பட்டு ஓதுகிறவருக்கு இரண்டு கூலி என்ற ஹதீஸ், அதாவது நபிமொழி, புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறது. அறிவித்தவர் ஆயிஷா (ரலி). ஆகவே சூரியன் மறைந்ததும் மஃரிபு தொழுதுவிட்டு மகனைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். அவன் உங்களுக்கு ஓதிக்கொடுக்கட்டும், தினம் மூன்று வரி போதும். தமிழ் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு நீங்கள் அவனுக்குப் பொருள் சொல்லுங்கள். ‘ஐன்’ என்ற அரபு எழுத்து தொண்டையிலிருந்து வராமல் நீங்கள் தடுமாறினால் சிரிப்பான். சிரிக்கட்டும், எனக்கே அது இரண்டு மாதம் ஆட்டம் காட்டியது. முதலில் முதஃப்பிஃபீனையே எடுங்கள். 36 வசனம்தான்.